படர்தாமரையும் மேற்பூச்சு மருந்தும்

மைசூருக்கு நாம் மாற்றலாகி வந்த புதிதில் கண்ட காட்சி ஒன்று இன்னும் நினைவை விட்டு அகலவில்லை. கடைவீதியில் ஒரு மருந்துக் கடை. நடுத்தர வயதினர் ஒருவர் சட்டைக் கையை மடித்து முன்கையைக் காட்டி, "ஹுளுகட்டி" என்று ஒரே சொல்லைச் சொன்னார். கடைக்காரர் ஏறிட்டும் பாராமல் பின்னாலிருந்த அடுக்கிலிருந்து ஒரு களிம்பு டியூப்பை எடுத்து வைத்தார். பணம் கைமாறிற்று, வாங்கியவர் போய்விட்டார். நோயைத் தீர்மானித்ததும் மருந்தைத் தீர்மானித்ததும் அரை நிமிடத்துக்குள் முடிந்துவிட்டன.

மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட நமக்கு அன்று கவலை அளித்தது அந்தச் சொல்தான். டியூப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டும் என்பது பின்னரே தெரிய வந்தது.

கன்னடத்தில் ஹுளு என்றால் புழு. ஆங்கிலேயர் இந்நோயை வளையப்புழு என்னும் பொருளுடைய பெயரால் அழைக்கின்றனர். மருத்துவ நூல்களில் வழங்கும் தினியா என்னும் இலத்தீன் சொல்லும், துணியை அரிக்கும் அந்துப்பூச்சியின் புழுவைக் குறித்ததேயாகும். வட்டமாக அரித்துக்கொண்டு போகும் தடிப்பின் ஓரத்தில் ஏதோ ஒரு புழு ஒளிந்திருக்கிறது என்று பல நாட்டு மக்களும் எண்ணியிருக்கின்றனர். தமிழர் அந்தப் புழுவைக் காணவில்லை. குளத்து நீர்மேல் தாமரையிலை பரவுவதைக் கண்டனர் போலும். படர்தாமரை என்று பெயரிட்டனர். இத்துணை அழகிய பெயர் இந்நோய்க்குத் தகுமா என்பது வேறு கேள்வி; எனினும், இல்லாத புழுவைப் பெயரில் ஏற்றாமல் விட்டதற்காக நாம் சற்றே பெருமைப்படலாம்.

புழு இல்லை, பின் இருப்பது யாது? பூஞ்சை. பழைய ரொட்டித் துண்டின்மேல் பூக்கும் பூசணத்துக்கும் மழை நாளில் தோல் செருப்பின்மேல் படியும் வெண்படலத்துக்கும் உறவான ஓர் உயிர். மயிரினும் மெல்லிய இழைகளாக வளர்வது. நம் நகம், முடி, தோலின் மேலடுக்கு ஆகியவற்றுக்கு உறுதியளிக்கும் கெரட்டின் என்னும் புரதமே இதற்கு உணவு. அந்த மேலடுக்கு உயிரற்ற செல்களால் ஆனது. பூஞ்சை பெரும்பாலும் அதனைத் தாண்டி உள்ளே இறங்குவதில்லை. ஆகையால்தான் வெளியே பூசும் மருந்தால் இதனை ஒழிக்க முடிகிறது. உட்கொள்ளும் மாத்திரை வயிற்றில் கரைந்து, குருதியில் கலந்து, உடலெங்கும் சுற்றிய பின்னரே தோலின் மேற்பரப்பை எட்டும்; பூசும் மருந்தோ நேரே பகைவன் வீட்டு வாசலில் இறங்குகிறது.

எல்லாத் தோற்பூஞ்சைகளும் ஒன்றல்ல. உடலிலும் இடுப்பு மடிப்பிலும் வட்டமாகப் படர்ந்து, நடுவில் தெளிந்து, ஓரத்தில் சிவந்து தடித்து அரிப்பது படர்தாமரை. கால்விரல் இடுக்கில் தோல் வெளுத்து ஊறிப்போவதை நாம் சேற்றுப்புண் என்கிறோம். மார்பிலும் முதுகிலும் வெளிர்நிறத் திட்டுகளாகத் தோன்றி, அதிகம் அரிக்காமல் இருப்பது தேமல்; இதனை உண்டாக்கும் மலசீசியா என்னும் பூஞ்சை ஏறக்குறைய எல்லார் தோலிலும் குடியிருப்பதுதான், வியர்வையும் எண்ணெய்ப் பசையும் மிகும்போது தலையெடுக்கிறது. கேண்டிடா என்பது மற்றொரு வகை. ஈரம் தங்கும் மடிப்புகளை அது நாடும். இவற்றுக்குள் இக்காலத்தில் பெருந்தொல்லையாகியிருப்பது படர்தாமரையே. ஆதலின் அதனைப் பற்றியே பெரிதும் பேசுவோம்.

பழங்காலத்தில் இதற்கு மருந்தில்லாமல் இல்லை. சீமையகத்தி இலையை அரைத்துப் பூசும் வழக்கம் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் உண்டு. சீமை என்ற அடைமொழியே அச்செடி வெளிநாட்டிலிருந்து வந்தது என்பதைக் காட்டுகிறது. வெப்ப அமெரிக்காதான் அதன் தாயகம். கோவாப் பொடி என்று ஒன்றும் முன்பு புகழ்பெற்றிருந்தது. பெயர்தான் கோவா, பொருள் பிரேசில் நாட்டு மரம் ஒன்றின் உள்ளிருந்து எடுப்பது. போர்ச்சுக்கீசியர் வழியாக வந்ததால் இறங்கிய துறைமுகத்தின் பெயரைப் பெற்றது. அது நோயை அடக்கியது உண்மையே. தோலையும் வேட்டியையும் கறையாக்கி, சில வேளைகளில் தோலைப் புண்ணாக்கியதும் உண்மையே.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆர்தர் விட்பீல்டு என்னும் ஆங்கிலத் தோல் மருத்துவர் அமைத்த களிம்பு இன்றும் வழக்கில் இருக்கிறது. நூற்றுக்கு 6 பங்கு பென்சாயிக் அமிலம், 3 பங்கு சாலிசிலிக் அமிலம், அவ்வளவே. முன்னது பூஞ்சையின் வளர்ச்சியைத் தடுக்கும். பின்னது தோலின் மேலடுக்கை உரித்துத் தள்ளும். குடியிருக்கும் வீட்டையே இடித்துக் குடியிருப்பவனை வெளியேற்றும் முறை என்று இதனைச் சொல்லலாம். மென்மையான இடங்களில் எரியும்; ஆனால் மலிவானது, எளிதில் செய்யத்தக்கது.

அடுத்த பெரிய முன்னேற்றம் அமெரிக்காவில் இரண்டு பெண்மணிகளால் நேர்ந்தது. எலிசபெத் ஹேசன் நுண்ணுயிர் ஆய்வாளர். ரேச்சல் பிரவுன் வேதியியலாளர். இருவரும் நியூயார்க் மாநிலப் பொதுநலத் துறையில் பணியாற்றினர். ஆனால் ஒருவர் நியூயார்க் நகரத்திலும் மற்றவர் ஆல்பனியிலும் இருந்தனர். ஆய்வுக்குரிய மண் நுண்ணுயிர்கள் கண்ணாடிப் புட்டிகளில் அடைபட்டுத் தபாலிலே போய் வந்தன! வர்ஜீனியாவில் நண்பர் ஒருவரின் பால்பண்ணை மண்ணிலிருந்து கிடைத்த நுண்ணுயிரிலிருந்து அவர்கள் பிரித்தெடுத்த மருந்து 1950 ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. நியூயார்க் மாநிலத்தின் பெயரைச் சுருக்கி நிஸ்டாட்டின் என்று அதற்குப் பெயரிட்டனர். கேண்டிடாவுக்கு அது நல்ல மருந்து; படர்தாமரைக்கு அது பயன்படாது. பூஞ்சை மருந்து என்ற பொதுப்பெயர் இருந்தால் போதும், எல்லாப் பூஞ்சைக்கும் உதவும் என்று எண்ணிவிடலாகாது என்பதற்காகவே இதனை இங்குக் குறிப்பிடுகிறோம்.

1960களின் இறுதியில் கிளோட்ரிமசோல், மைக்கோனசோல் என்னும் மருந்துகள் ஐரோப்பிய ஆய்வுக்கூடங்களில் உருவாயின. கீட்டோகோனசோல், லூலிகோனசோல் முதலியன அதே குடும்பத்தில் பின்னர்த் தோன்றியவை. டெர்பினபின் வேறொரு குடும்பம். 1990களில் வழக்குக்கு வந்தது. இவை வேலை செய்யும் விதம் அறியத்தக்கது. ஒவ்வொரு செல்லையும் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு உண்டு. மனிதனின் செல்சவ்வில் கொழுப்புப் பொருளாகிய கொலஸ்ட்ரால் இருக்கிறது. பூஞ்சையின் சவ்விலோ அதற்கு ஈடாக எர்கோஸ்டிரால் என்னும் வேறு பொருள் இருக்கிறது. இந்த ஒரு வேற்றுமைதான் மருத்துவனுக்குக் கிடைத்த பிடி. எர்கோஸ்டிரால் பல படிகளில் உண்டாகிறது. டெர்பினபின் முன்படி ஒன்றில் தடை போடுகிறது, கிளோட்ரிமசோல் குடும்பத்தினர் பின்படி ஒன்றில் தடை போடுகின்றனர். சவ்வு சீர்கெட்ட பூஞ்சை வளர இயலாமல் ஒழிகிறது. நம் தோலுக்குப் பெருங்கேடு இல்லை.

இவ்வளவு நல்ல மருந்துகள் கைவசம் இருக்க, படர்தாமரை ஏன் குறையவில்லை? குறையாதது மட்டுமன்று, இந்தியாவில் கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அது மிகுந்தும், தீராத நோயாக மாறியும் வருவதைத் தோல் மருத்துவர்கள் எடுத்துக் கூறி வருகின்றனர். இதற்கு விடையை நாம் நூலில் தேடவேண்டியிருக்கவில்லை, வீட்டிலேயே கிடைத்தது.

நம் தமையனார் மகன் சேலத்திலிருந்து வந்து மைசூரில் கல்லூரியில் சேர்ந்தான். விடுதி வாசம். ஆனியில் பிடிக்கும் சாரல் புரட்டாசி வரையிலும் விட்டுவிட்டுப் பெய்யும் ஊர் இது. குளிர்ச்சி உண்டு, வெயில்தான் இல்லை. துவைத்த கால்சட்டை இரண்டு நாளானாலும் காயாது. பாதி ஈரத்தோடு அணிந்து செல்வதும், அறைத்தோழனின் துண்டை எடுத்துத் துவட்டிக் கொள்வதும் விடுதியில் சகஜம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவன், உட்கார முடியாமல் நெளிந்தான். அண்ணியாரின் பிள்ளையாயிற்றே என்று நாம் வற்புறுத்திக் கேட்டதில், தொடையிடுக்கில் எட்டு மாதமாகப் படர்தாமரை என்று தெரிந்தது.

"ஏனப்பா இத்தனை நாள் சொல்லவில்லை?" என்றோம்.

"மருந்து போட்டால் உடனே போய்விடுகிறது, சித்தப்பா. அதனால்தான் சொல்லவில்லை," என்றான்.

உடனே போய்விடுகிறது, பிறகு வருகிறது, மறுபடியும் போய்விடுகிறது. இப்படியே ஐந்து டியூப்பு தீர்ந்திருந்தது. ஆறாவதை வாங்கிப் பார்த்தோம். அச்செழுத்து கடுகினும் சிறிது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்ததில் உள்ளே நான்கு மருந்துகள் இருப்பது புலனாயிற்று: பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, வேறு சில நுண்ணுயிர்களுக்கு ஒன்று, நான்காவதாகக் கிளோபெட்டசால். அப்பெயரைக் கண்டதும் நாம் அது கிளோட்ரிமசோல் என்றே முதலில் படித்தோம். சொற்களோடு பழகுவதே தொழிலாக உடைய நமக்கே இந்த மயக்கம் ஏற்படுமாயின், அவசரமாக வாங்கிச் செல்லும் மாணவனைக் குறைகூறுவது எங்ஙனம்? ஓசையில் இரண்டும் உடன்பிறந்தவை போலத் தோன்றுகின்றன. செயலிலோ நேர்மாறானவை. கிளோட்ரிமசோல் பூஞ்சையைக் கொல்லுவது. கிளோபெட்டசால் ஒரு ஸ்டீராய்டு, அதிலும் மேற்பூச்சு ஸ்டீராய்டுகளுக்குள் மிக வலிமை வாய்ந்த வகுப்பைச் சேர்ந்தது.

ஸ்டீராய்டு செய்வது என்ன? தோல் சிவப்பதும் தடிப்பதும் அரிப்பதும் பூஞ்சையின் நேரடி வேலையல்ல. புகுந்த பகைவனை விரட்ட நம் உடல் நடத்தும் போரின் ஆரவாரம் அது. ஸ்டீராய்டு அந்தப் போரை நிறுத்திவிடுகிறது. ஒன்றிரண்டு நாளில் அரிப்பு அடங்கும், சிவப்பு மறையும். நோயாளி குணமாகிவிட்டதென்று மகிழ்வான். காவற்காரனுக்கு மயக்க மருந்து கொடுத்தால் சத்தம் அடங்கும்; திருடன் போய்விட்டான் என்று ஆகுமா? பூஞ்சை தடையின்றிப் பரவுகிறது. களிம்பை நிறுத்தியதும் முன்னிலும் பெரிதாக வெளிப்படுகிறது. அப்போது வளையமான ஓரமும் தெளிவான நடுவும் இல்லாமல், உருமாறிய நோயாக இருப்பதால் பார்ப்பவர் வேறு எதுவோ என்று எண்ணுவர். இவ்வாறு வேடம் பூண்ட படர்தாமரைக்கு 1968 ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் மருத்துவர் இருவர் தனிப்பெயரிட்டு எழுதினர். ஆக, இது புதிய செய்தியன்று.

நாள்பட்ட உபயோகத்தில் ஸ்டீராய்டு தோலை மெலியச் செய்யும். தொடை, அக்குள் முதலிய மடிப்புகளில் கோடு கோடாக வெடிப்புத் தழும்புகளை உண்டாக்கும். இவை முற்றிலும் மறைவதில்லை. நம் பையனின் தொடைகளில் அவை விழுந்திருந்தன.

அரசு இதனைக் காணாமல் இருந்துவிடவில்லை. 2016 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் மத்திய அரசு 344 கூட்டு மருந்துகளைத் தடை செய்தது. ஸ்டீராய்டு கலந்த களிம்புகள் பல அப்பட்டியலில் இடம்பெற்றிருந்தன. வழக்குகள் நடந்தன. உச்ச நீதிமன்றத்தின் ஆணைப்படி நடந்த மறு ஆய்வுக்குப் பின், 2018 செப்டம்பரில் 328 கூட்டு மருந்துகளின்மீது தடை பிறந்தது. அதே ஆண்டில் மேற்பூச்சு ஸ்டீராய்டுகள் பலவும் எச் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. மருத்துவரின் சீட்டின்றி அவற்றை விற்கலாகாது என்பது அதன் பொருள். சட்டம் ஏட்டில் இருக்கிறது. கடை மேசைமேல் ஒரு சொல்லுக்கு ஒரு டியூப்பு என்ற வழக்கம் இன்னும் முற்றும் ஒழிந்தபாடில்லை.

இதற்கிடையே பூஞ்சையும் மாறியிருக்கிறது. முன்பு நம் நாட்டில் பெரும்பான்மையாகக் காணப்பட்டது டிரைக்கோபைட்டன் ரூப்ரம் என்னும் இனம். அதன் இடத்தை இப்போது வேறோர் இனம் பிடித்திருக்கிறது. இந்தியாவையும் நேபாளத்தையும் சேர்ந்த நோயாளிகளிடமிருந்து எடுத்ததை ஆராய்ந்த ஜப்பானிய ஆய்வாளர்கள் 2020 ஆம் ஆண்டில் அதற்கு டிரைக்கோபைட்டன் இந்தோதினியே என்று பெயர் சூட்டினர். நம் நாட்டின் பெயர் இப்படியோர் உயிருக்கு ஏறியது மகிழத்தக்க செய்தியன்று. எர்கோஸ்டிரால் உண்டாகும் வழியில் டெர்பினபின் தடை போடும் படி ஒன்றுண்டு என்றோமே, அந்தப் படிக்குரிய நொதியின் அமைப்பு இவ்வினத்தின் பல கிளைகளில் சிறிது மாறிவிட்டது. பூட்டு மாறியதால் சாவி பொருந்துவதில்லை. 2023 ஆம் ஆண்டில் நியூயார்க்கில் இரண்டு பெண்களுக்கு இந்நோய் கண்டதை அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு மையம் வெளியிட்டது. அவருள் ஒருவர் அண்மையில் வெளிநாட்டுப் பயணம் மேற்கொள்ளாதவர்.

நம் பையனைத் தோல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் தடிப்பின் ஓரத்தைச் சற்றே சுரண்டி, உதிர்ந்த செதிலைக் கண்ணாடித் தகட்டில் இட்டு, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஒரு துளி விட்டு, நுண்ணோக்கியில் பார்த்தார். தோல் கரைந்து பூஞ்சையின் இழை மட்டும் தெரிந்தது. செலவு மிகாத இந்தச் சோதனை சில நிமிடத்தில் முடிந்துவிட்டது. எட்டு மாதத்துக்கு முன்பே செய்திருக்கலாம்! பழைய களிம்பை நிறுத்தியதும் சில நாள் அரிப்பு மிகும், அஞ்ச வேண்டாம் என்று முன்னரே எச்சரித்தார். நோய் முற்றியிருந்தமையால் மாத்திரையும் வேண்டியிருந்தது. கூடவே, ஒரே ஒரு மருந்து மட்டும் கொண்ட களிம்பு.

பூசும் முறையை அவர் விளக்கியது நமக்குப் புதிதாக இருந்தது. தடிப்பின் நடுவிலே பூசி நிறுத்துவதுதான் பலர் வழக்கம். பூஞ்சையோ ஓரத்திலும், ஓரத்துக்கு வெளியே நல்ல தோல் போலக் காணும் இடத்திலும் முன்னேறிக் கொண்டிருக்கிறது. ஆதலின் ஓரத்தைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டர் வரை, வெளியிலிருந்து உள்நோக்கிப் பூசவேண்டும். அளவுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஆட்காட்டி விரலின் நுனியிலிருந்து முதற் கணு வரை களிம்பைப் பிதுக்கினால் ஏறத்தாழ அரை கிராம். இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு அது போதும். அத்தனை அகலமுள்ள தடிப்புக்கு நாளொன்றுக்கு இருமுறை பூசினால் ஒரு கிராம் செலவாகும். 15 கிராம் டியூப்பு 15 நாளுக்குத்தான் வரும். ஒரே டியூப்பை மூன்று மாதம் வைத்துப் பூசியதாகச் சொல்பவர் உண்மையில் மருந்து பூசவில்லை, பூசியதாகப் பாவித்திருக்கிறார்.

காலமும் அவ்வாறே. நம் தோலின் மேலடுக்கு அடியிலிருந்து உருவாகி மேலேறி உதிர்வதற்கு ஏறக்குறைய நான்கு வாரம் பிடிக்கும். அரிப்பு நின்ற அன்றே பூஞ்சை போய்விடவில்லை. அதன் இழைகள் பழைய அடுக்கில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரிந்த அடையாளம் யாவும் மறைந்த பின்னும் இரண்டு வாரம் விடாமல் பூசவேண்டும் என்றார் மருத்துவர். நம் பையனுக்கு இதுதான் கடினமாக இருந்தது. இல்லாத நோய்க்கு மருந்து பூசுவது போலிருக்கிறது என்று முணுமுணுத்தான்.

மேற்பூச்சு மட்டும் போதாத இடங்களும் உள. முடியின் வேரிலும் நகத்தின் அடியிலும் பூஞ்சை புகுந்துவிட்டால் களிம்பு அங்கு எட்டாது. குழந்தைகளின் தலையில் முடி உதிர்ந்து திட்டுத் திட்டாகத் தோன்றினால் கடைக்குப் போகாமல் மருத்துவரிடமே போகவேண்டும். நீரிழிவு உள்ளவர்களும் கருவுற்ற பெண்களும் அவ்வாறே. வட்டமாக இருப்பதெல்லாம் படர்தாமரையும் அல்ல. உணர்ச்சியற்ற வெளிர்திட்டு தொழுநோயின் அறிகுறியாக இருக்கக்கூடும். அதனைக் களிம்பால் மறைத்துக் காலத்தைப் போக்குவது பெருந்தீங்கு.

கடையில் வாங்கும்போது டியூப்பின்மேல் எத்தனை மருந்துப் பெயர்கள் என்று எண்ணிப் பாருங்கள். கிளோட்ரிமசோல் 1 சதவீதம் என்றோ, கீட்டோகோனசோல் 2 சதவீதம் என்றோ ஒரே பெயர் இருந்தால் அது தனி மருந்து. கிளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன் என்ற பெயர்களுள் ஒன்று உடனிருந்தால் அது ஸ்டீராய்டு கலந்தது. படர்தாமரைக்கு அதனை வாங்க வேண்டா. எழுத்துச் சிறிதாக இருந்தால் கடைக்காரரையே படித்துக் காட்டச் சொல்வதில் இழுக்கில்லை.

வீட்டில் ஒருவருக்கு வந்தால் மற்றவர் தோலையும் பார்த்துவிட வேண்டும். ஒருவர் குணமாகும் வேளையில் இன்னொருவரிடமிருந்து திரும்ப வரும். துண்டும் உள்ளாடையும் தனித்தனியே இருக்கட்டும். வெந்நீரில் துவைத்து, உட்புறம் வெளியே வரத் திருப்பி வெயிலில் உலர்த்துவது நல்லது. மைசூரின் சாரல் மாதங்களில் வெயிலுக்கு எங்கே போவது என்று நம் வீட்டில் கேட்டார்கள். இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கித் தையலோரங்களில் அழுத்தித் தேய்க்குமாறு மருத்துவர் சொல்லியிருந்தார். அந்த வேலையை ஞாயிறுதோறும் பையனே செய்தான்; மூன்றரை மாதம் செய்தான்.